எழுச்சியும் சோர்வும்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் ஏறுவோர் கல்வியைப் பற்றியோ கலையைப் பற்றியோ இரண்டு நல்ல வார்த்தை சொல்லிச் செல்வது வழக்கம். இவ்வாண்டு நாம் ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். செயலாளர் தம்பி தலைப்பைக் கேட்டபொழுது இதைச் சொன்னோம். அவர் சற்றுத் தயங்கி, "விழாவிலே நோயைப் பற்றியோ, மாஸ்டர்?" என்றார். நோய் விழாப் பார்த்து வருவதில்லை. அதிலும் நாம் கூறப்போகும் நோய், பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட பருவத்திலேதான் பெரும்பாலும் தலைகாட்டுகின்றது. அந்தப் பருவத்தினர் இவ்வளவு பேர் ஒருங்கே இருக்கும் கூட்டம் எமக்கு வேறெங்கே கிடைக்கும்?

நாம் வைத்தியரல்லேம். முப்பத்தைந்து ஆண்டு காலம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தோம். எனவே மருந்தின் அளவு பற்றி எம்மிடம் எவரும் கேட்கவேண்டாம். எம் கண்முன்னே நிகழ்ந்த ஒன்றை நாம் பிழையாக விளங்கிக்கொண்டோம். அந்தப் பிழையைத் திருத்தும் பொருட்டு நூல்களைப் படித்தோம், வைத்தியர்களைக் கேட்டறிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம். இக்கதைக்கு உரிய இளைஞரின் அனுமதியும், அவர்தம் தாயாரின் அனுமதியும் எமக்கு உண்டு. பெயரையும் ஊரையும் மாத்திரம் விடுத்தோம்.

எம்மிடம் படித்த மாணவர் அவர். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில், ஊர் வாசிகசாலையின் ஆண்டு நிறைவு வந்தது. பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். அயலூர் நான்கிலும் சைக்கிளில் திரிந்து பணம் சேர்த்தார். இரவிலே சுவருக்கு வர்ணம் பூசினார். அதன்பின் விடியுமட்டும் இருந்து நாடகம் எழுதினார். இருநூறு பிரதி போதுமென்றிருந்த மலருக்கு ஆயிரம் பிரதி அச்சடிக்கச் சொல்லிவிட்டார். வாசிகசாலைக்கு மூன்று மாடிக் கட்டடம் எழுப்ப வேண்டுமென்று படம் வரைந்துகொண்டு வந்து, அதிகாலை மூன்று மணிக்கு எமது படலையைத் தட்டினார். பேச்சோ மடை திறந்த வெள்ளம். ஒரு விடயத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் வேறு மூன்றைத் தொட்டுவிடுவார். தாயார் ஒருநாள் எம்மிடம், "மாஸ்டர், பிள்ளை ஐஞ்சு நாளாய் வடிவாய்ப் படுக்கேல்லை, ஆனால் களைப்பெண்டு ஒண்டும் தெரியேல்லை," என்றார். நாம் என்ன சொன்னோம்? "இந்த வயதிலே உழைக்காமல் எந்த வயதிலே உழைப்பது, அம்மா?" என்றோம். விழா மேடையிலும், இவரைப் போலப் பத்து இளைஞர் இருந்தால் ஊர் உருப்பட்டுவிடும் என்று புகழ்ந்தோம். கைதட்டலும் பெற்றோம்.

இரண்டு திங்கள் கழிந்தன. அவர் வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டுப் போனோம். அறைக்குள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தலை வாரவில்லை, முகம் கழுவவில்லை. கேட்ட கேள்விக்கு விடை வரச் சென்ற நேரத்திலே ஒரு சிறு கணக்கைச் செய்து முடித்திருக்கலாம். அச்சகத்துக் கடன் நிலுவையிலிருந்தது. நாம் அதைச் சோம்பல் என்று கொண்டோம். திருக்குறளில் மடியின்மை அதிகாரத்தைத் தினமும் படிக்கும்படி சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். அன்று அவர் எம்மைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

முதலிலே கண்ட உற்சாகமும் பின்னர்க் கண்ட சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை நாம் அறிய மேலும் நான்காண்டுகள் சென்றன. எமக்கு மாத்திரமல்ல, வைத்தியருக்கும் அவ்வளவு காலம் சென்றது. அக்கதையைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

இந்நோயை இக்காலத்தில் இருதுருவ மனநிலைக் கோளாறு என வழங்குகின்றனர். ஒருவரின் மனநிலை சில காலம் ஒரு துருவத்தை நோக்கி அளவு கடந்து எழுவதும், சில காலம் மறு துருவத்தை நோக்கித் தாழ்வதுமாக இருத்தலின் இப்பெயர் வந்தது. எழுச்சியை மேனியா என்பர். தாழ்வு மனச்சோர்வு எனப்படும். இரண்டுக்கும் இடையே ஒருவர் மாதக்கணக்காக, ஏன் ஆண்டுக்கணக்காகக் கூட, உங்களையும் எம்மையும் போல நலமாக இருக்கக்கூடும். நோய் ஏமாற்றுவது இங்கேதான்.

பெயர் புதிதேயன்றி நோய் புதிதன்று. ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கப்படோசியா என்னும் நாட்டு அரிற்றேயஸ் என்ற கிரேக்க வைத்தியர், பெருஞ்சோர்வும் வெறியெழுச்சியும் ஒரே ஆளிடத்தே மாறி மாறி வருதலைக் குறித்து வைத்தார். 1854 இல் பாரிஸ் நகரத்திலே பல்றே, பையார்ஜே என்னும் இரு வைத்தியர்கள், இஃது இரண்டு நோயன்று, சுற்றிச் சுற்றி வரும் ஒரே நோய் என்று தனித்தனியே எடுத்துக் கூறினர். முதலிற் கண்டவர் யார் என்று அவர்களுக்குள் சண்டையும் மூண்டது. 1899 இல் ஜேர்மனியரான எமில் கிறேப்பலின் மேனியா-சோர்வு நோய் என்பதை மனச்சிதைவு நோயினின்றும் பிரித்துக் காட்டினார். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் நோய்க் கையேடு 1980 இலே இப்போதைய பெயரை ஏற்றது. உலகெங்கும் ஏறக்குறைய நான்கு கோடி மக்களுக்கு இந்நோய் இருந்ததென 2019 ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஆண் பெண் என்ற பேதமோ, படித்தவர் படியாதவர் என்ற பேதமோ இதற்கில்லை.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம். எழுச்சியின்போது மனம் மகிழ்ச்சியால் பொங்கும். அன்றேல் காரணமின்றிச் சினம் பொங்கும். நித்திரை குறையும். பேச்சு விரையும். எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்தும். தாம் பெரியவர், தம்மால் ஆகாத காரியமில்லை என்னும் நினைப்பு வரும். பத்து வேலையைத் தொடங்குவர். கவனம் சிதறும். பணத்தை வாரி இறைப்பர், கடன்படுவர், வாகனத்தை வேகமாக ஓட்டுவர், ஆண் பெண் உறவிலே பின்னர் வருந்தத்தக்கவற்றைச் செய்வர். இவற்றுட் பல ஒருங்கே சேர்ந்து, ஒரு வாரமேனும் நாளின் பெரும்பகுதி நிலைத்து, வீட்டையோ வேலையையோ குலைக்குமாயின் அது மேனியா. ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும் அளவுக்கு முற்றினால் ஒரு வாரம் பார்த்திருக்கவேண்டியதும் இல்லை. சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்கும். தமக்குத் தெய்வப் பணி இடப்பட்டுள்ளது என்ற உறுதி வரும்.

இதனினும் மெல்லிய வடிவம் ஒன்றுண்டு. ஹைப்போமேனியா என்பர், சிற்றெழுச்சி என நாம் சொல்லலாம். நான்கு நாளேனும் நீடிக்கும். வழமையான ஆளல்ல என்பது பிறருக்குத் தெரியும். ஆயின் வாழ்க்கை குலையாது. வேலை நன்றாக நடக்கும், பேச்சு சுவையாக இருக்கும், எல்லாரும் பாராட்டுவர். அதனாலேயே சிற்றெழுச்சியை முறையிட்டு எவரும் வைத்தியரிடம் போவதில்லை. சிற்றெழுச்சியும் பெருஞ்சோர்வும் மாறி வருவதை இரண்டாம் வகை என்றும், முழு மேனியா வருவதை முதலாம் வகை என்றும் பிரித்துள்ளனர்.

இவ்விடத்திலே நித்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். கவலையால் நித்திரை வராதவர் மறுநாள் வாடி இருப்பார். படுக்க ஆசைப்படுவார், நித்திரைதான் வராது. எழுச்சியில் இருப்பவர் நிலை வேறு. இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, எட்டு மணி நேரம் உறங்கியவர் போல எழுந்து பாடிக்கொண்டு திரிவார். அவருக்கு நித்திரை வராததன்று, வேண்டாததாகிவிட்டது. இந்த ஒரு வேற்றுமையை அன்று நாம் அறிந்திருந்தால், அந்தத் தாயார் சொன்ன வாக்கியத்தின் இரண்டாம் பாதியை, களைப்புத் தெரியவில்லை என்பதை, காதிலே வாங்கியிருப்போம்.

சோர்வின் அறிகுறிகளை உங்களிற் பலர் ஓரளவு அறிவீர்கள். இரண்டு வாரமேனும் மனம் இருண்டு கிடத்தல். விரும்பியவற்றில் விருப்பம் அற்றுப் போதல். உணவும் உறக்கமும் குறைதல் அல்லது மிகுதல். உடம்பும் எண்ணமும் ஈயம்போலப் பாரமாதல். தாம் பயனற்றவர், பாவி என்ற நினைவு. சாவைப் பற்றிய நினைவு. இவ்விரு துருவங்களும் ஒருங்கே கலந்து வரும் காலமும் உண்டு. மனத்திலே இருள், உடம்பிலே தாங்கமுடியாத விரைவு. இக்கலப்பு நிலையை வைத்தியர்கள் மிகவும் அஞ்சுகின்றனர். சாக வேண்டுமென்ற எண்ணமும் அதைச் செய்யும் வேகமும் ஒருங்கே இருத்தலின், உயிராபத்து அப்பொழுது பெரிது.

உயிரைப் பற்றிச் சொன்னபடியால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றோம். "சாக நினைக்கிறீரோ?" என்று ஒருவரைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகும் என்று பலர் அஞ்சுவர். அது பிழை. அன்போடு நேரே கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துக் கிருமிநாசினிப் போத்தலை வீட்டிலிருந்து அகற்றுங்கள். 1995 அளவில் எமது நாட்டிலே தற்கொலை உச்சத்தில் இருந்தது. கொடிய கிருமிநாசினிகள் தடை செய்யப்பட்டபின் அது பெருமளவு குறைந்தது. கைக்கெட்டாதபடி வைத்தலே ஓர் உயிரைக் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தற்கொலைக்கு முயன்றவரைப் பொலிசார் பிடிப்பர் என்று அஞ்சி மறைப்பவர் இன்னும் உளர். அச்சட்டம் 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது.

பொலிஸ் பயம் என்றதும் எமக்கு அமெரிக்கராகிய கிளிபர்ட் பியேர்ஸ் என்பவரின் நினைவு வருகின்றது. 1876 இலே பிறந்து யேல் பல்கலைக்கழகத்திலே படித்துத் தேறியவர். தமையனுக்கு வலிப்பு நோய் வந்தது. தமக்கும் வந்துவிடும் என்று ஆண்டுக்கணக்காக அஞ்சினார். அவ்வச்சம் பெருஞ்சோர்வாக முற்றி, 1900 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் வீட்டு மேன்மாடி யன்னலிலிருந்து விழுந்தார். காலெலும்பு முறிந்ததேயன்றி உயிர் போகவில்லை. தற்கொலை முயற்சிக்காகப் பொலிசார் தம்மைத் தண்டிக்கக் காத்திருக்கின்றனர் என நம்பினார். தம்மைப் பார்க்க வந்த உறவினரெல்லாம் வேடமிட்ட துப்பறிவோர் என்று கருதினார். உடன்பிறந்த அண்ணனையும் போலி ஆளென்றே நினைத்தார். இரண்டாண்டு காலம் பேச்சே இல்லை எனலாம்.

1902 ஆகஸ்ட் மாதம், சோதனையாக அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதி, நீர் மெய்யான அண்ணனாயின் இக்கடிதத்தையே கையிற் கொண்டு வாரும் என்றார். அண்ணனும் கடிதத்தோடு வந்தார். அக்கணமே உலகம் மாறிவிட்டதாக அவர் பின்னர் எழுதினார். ஆயின் மாறிய உலகம் நலமான உலகமன்று. மனம் மறு துருவத்துக்கு ஏறிவிட்டது. ஓயாத பேச்சு, ஓயாத எழுத்து, உலகைத் திருத்தும் திட்டங்கள். மாநில ஆளுநருக்கும் கடிதம் எழுதினார். அடக்குவதற்காக இறுக்குச் சட்டையில் மாட்டி அறையில் அடைத்து வைத்தனர். அந்தக் கொடுமைகளையெல்லாம் நினைவில் வைத்திருந்து 1908 இலே தம் நூலை வெளியிட்டார். மறு ஆண்டு அமெரிக்க நாட்டு மனநல இயக்கத்தைத் தோற்றுவித்தார். எழுச்சியில் முளைத்த திட்டம் எல்லாம் பிதற்றலாகிவிடுவதில்லை போலும். ஆயினும் இறுதிக் காலத்தில் மறுபடியும் ஆஸ்பத்திரி புகுந்து 1943 இல் அங்கேயே காலமானார்.

இக்கதையை ஏன் விரித்தோம் என்றால், 1901 இலே பியேர்ஸைப் பார்த்த ஒருவர் அவரைப் பேசாத, சந்தேகப் பிராந்தி கொண்ட நோயாளி என்றிருப்பார். 1902 இறுதியிலே பார்த்தவர் வெறி பிடித்தவர் என்றிருப்பார். இரண்டையும் ஒரு கோட்டிலே வைத்துப் பார்த்தவருக்கே நோய் தெரியும். இந்நோயை ஓர் ஒளிப்படத்திற் காண இயலாது. காலத்தை நீட்டிப் பார்க்கவேண்டும்.

வைத்தியர்கள் தவறுவதும் இதனாலேயே. இரத்தத்தைச் சோதித்தோ மூளையைப் படம் பிடித்தோ இந்நோயை உறுதிசெய்யும் வழி இன்றுவரை இல்லை. கதையைக் கேட்டே அறியவேண்டும். கதை சொல்பவரோ பாதியை மறந்தவர். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு இந்நோயாளர் சங்கமொன்று தன் அங்கத்தவரைக் கேட்டறிந்தபோது, நூற்றுக்கு அறுபத்தொன்பது பேர் முதலில் வேறு நோய்ப் பெயர் சூட்டப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. அவர்கள் சரியான பெயரை அடையுமுன் சராசரி நான்கு வைத்தியரைக் கண்டிருந்தனர். மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் பத்தாண்டோ அதற்கு மேலோ காத்திருந்தனர். பெரும்பாலும் சூட்டப்பட்ட பிழையான பெயர் வெறும் மனச்சோர்வு என்பதே.

அதற்கும் கணக்குண்டு. முதலாம் வகை நோயாளரைப் பல ஆண்டுகள் வாரந்தோறும் பின்தொடர்ந்த ஆராய்ச்சியொன்று 2002 இல் வெளிவந்தது. அவர்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக் காலம் சோர்விலும், பத்திலொரு பங்குக்கும் குறைந்த காலமே எழுச்சியிலும் இருந்தனர். இரண்டாம் வகையினருக்கு எழுச்சிக் காலம் நூற்றுக்கு ஒன்றை அண்டியதே. வைத்தியரின் வாசலுக்கு வருவது சோர்வேயன்றி எழுச்சியன்று. அதனால் எழுச்சி ஏட்டில் ஏறுவதில்லை.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. மேனியா முற்றிப் பிராந்தியோடு வருபவரை மனச்சிதைவு நோயாளர் என்று எழுதிவிடுவர். 1960களின் பிற்பகுதியில் நியூயோர்க் ஆஸ்பத்திரிகளில் மனச்சிதைவு மிகுதியாகவும், இலண்டன் ஆஸ்பத்திரிகளில் மனநிலை நோய்கள் மிகுதியாகவும் காணப்பட்டன. நோய்தான் வேறோ என்று ஐயுற்ற ஆராய்ச்சியாளர், இரு நகரத்திலும் ஒரே முறையிலே நோயாளரை வினவினர். வேற்றுமை பெரும்பாலும் மறைந்துபோயிற்று. நோயாளர் வேறல்லர், வைத்தியரின் வழக்கமே வேறு. அதன் முடிவுகள் 1972 இல் நூலாக வந்தன. ஏறக்குறைய ஒரே மொழி பேசும் இரு மாநகரத்து வைத்தியருக்கே இக்கதியென்றால், சந்தைக்கூட்டம் போல் நெருக்கும் எமது கிளினிக்கில் பத்து நிமிடம் கிடைக்கும் வைத்தியரை நாம் எப்படிக் குறைகூறுவது?

இன்னும் உண்டு. தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்தால் எழுச்சி போலவும், குறைந்தால் சோர்வு போலவும் தோன்றும். ஸ்டெரொயிட் மருந்துகளும் கஞ்சா முதலிய போதைப்பொருள்களும் இதே வேடம் போடும். இரத்தம் சோதிப்பது அவற்றை விலக்குவதற்காகவேயன்றி இந்நோயைக் காண்பதற்காக அன்று. மற்றொருபுறம், காலையில் சிரித்து மாலையில் கோபிப்பவரையெல்லாம் இருதுருவம் என்று இளைஞர்கள் கேலி பேசுவதையும் கேட்கின்றோம். ஒரு நாளுக்குள் மாறும் மனம் பெரும்பாலும் மனித மனமேயன்றி இந்நோயன்று. நோய் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நிலைப்பது. ஆளை அவர் இயல்பினின்றும் மாற்றுவது.

எமது மாணவரிடம் மீள்வோம். சோர்வு நீங்காமையால் பட்டணத்து வைத்தியர் ஒருவரிடம் கூட்டிச் சென்றனர். அழுகையையும் படுக்கையையும் சொன்னார்கள். விழாக்காலத்து உற்சாகத்தை எவரும் சொல்லவில்லை. நல்லது நடந்ததை வைத்தியரிடம் யார் சொல்வார்? அவர் சோர்வு நீக்கும் மருந்து கொடுத்தார். சொல்லப்பட்ட பாதிக் கதைக்கு அது சரியான மருந்தே. இருதுருவ நோயில் அம்மருந்தைத் தனியே கொடுத்தால் சிலருக்கு மனம் மேலே எகிறிவிடும் என்பதைப் பின்னரே அறிந்தோம். மூன்று வாரத்தில் பிள்ளை எழுந்தது கண்டு வீடு மகிழ்ந்தது. ஆறாம் வாரத்தில் தாயாரின் நகையை ஈடு வைத்துப் பழைய வான் ஒன்றை வாங்கி வந்தார். எட்டாம் வாரத்தில், நாட்டின் கடனைத் தீர்க்கும் சூத்திரம் தமக்குத் தெரியும் என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்.

செய்வினை என்றனர் உறவினர். நூல் கட்டினர், நேர்த்தி வைத்தனர். தாயின் நேர்த்தியை நாம் இகழமாட்டோம். அவருக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றே. ஆனால் அதற்குச் சென்ற ஐந்து மாதத்தை நோய் சும்மா விடவில்லை. இறுதியில் ஆஸ்பத்திரியில் அனுமதித்தபோது, சூத்திரக் கதையைக் கேட்டவர்கள் மனச்சிதைவு என்று அட்டையில் எழுதினர். இரண்டாண்டு அப்பெயரோடு மருந்து உட்கொண்டார். ஒரே தூக்கம், ஒரே மந்தம். நடுவே மறுபடியும் ஒரு பெருஞ்சோர்வு. பல்கலைக்கழக இடமும் போயிற்று.

பின்னர் மாற்றலாகி வந்த உளவைத்தியர் ஒருவர், பிள்ளையை வெளியே இருத்திவிட்டுத் தாயாரிடம் கேட்ட கேள்வி இதுதான்: "அம்மா, தம்பி முதல்முறை படுக்கையிலே விழ முன்னம், நித்திரையே வேண்டாமெண்டு திரிஞ்ச காலம் ஏதும் இருந்ததோ?" தாயார் வாசிகசாலை விழாவைச் சொன்னார். வைத்தியர் பேனையை வைத்துவிட்டு, முழுவதையும் சொல்லும்படி கேட்டார். தாயார் வீடு வந்ததும் எம்மை அழைப்பித்தார். அடுத்த கிளினிக்குக்கு நாமும் போய், எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். மேடையிலே புகழ்ந்ததையும் சொன்னோம். வைத்தியர் சிரிக்கவில்லை. "அந்த மலரின் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள், திகதி தெரியும்," என்றார். தாயாரின் தமையனும் இளவயதிலே இதே போல இருந்து, ஊரிலே "விசரன்" என்று பெயரெடுத்து மறைந்தவர் என்பதும் அன்றுதான் வெளிவந்தது. இந்நோய் குடும்ப வழியிலே வருவது மிகுதி. தாய்க்கோ தந்தைக்கோ உடன்பிறப்புக்கோ இருந்தால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம் என்பர். எஞ்சிய தொண்ணூறு பேருக்கு வராது என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே வைத்தியரிடம் செல்வோர் தனியே செல்லவேண்டாம். கூட வாழ்பவர் ஒருவர் போகவேண்டும். எழுச்சியில் இருந்தவருக்கு அது நோயாக நினைவிராது. நல்ல காலமாகவே நினைவிருக்கும். போகுமுன் ஒரு கொப்பியில் ஆண்டு மாதம் குறித்து, எப்பொழுது நித்திரை குறைந்தது, எப்பொழுது கடன் பட்டார், எப்பொழுது படுக்கையில் விழுந்தார், என்ன மருந்து குடித்தார், குடித்தபின் என்ன நிகழ்ந்தது என்பவற்றை எழுதுங்கள். குடும்பத்திலே மறைத்து வைத்த கதை இருந்தால் அதையும் வைத்தியரிடம் மாத்திரம் சொல்லுங்கள். சோர்வுக்கு மருந்து எழுதப்படின், "முன்னர் எழுச்சி வந்ததோ என்று பார்த்தீர்களா, டொக்டர்?" என்று பணிவாகக் கேட்பதிலே தவறில்லை. முதல் நாளே உறுதியான பெயரைத் தருமாறு வற்புறுத்தலாகாது. நோய்ப் பெயர் காலம் செல்லத் தெளிவதும் மாறுவதும் உண்டு; மாற்றுகின்ற வைத்தியர் அறியாதவரல்லர், கவனிப்பவர்.

மருந்தைப் பற்றிச் சிறிது. ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர், யப்பானியரின் கைதியாகச் சிங்கப்பூர்ச் சாங்கி முகாமில் மூன்றாண்டுக்கு மேல் இருந்தவர். ஊர் திரும்பியபின் ஒரு பழைய சமையலறையிலே கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பைச் செலுத்திப் பார்த்தார். பின்னர்த் தாமே உட்கொண்டு பார்த்தார். மேனியா நோயாளர் பத்துப் பேருக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1949 இல் வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி நலம் பெற்று வீடு சென்றார். மறுபடி நோயுற்று, லித்தியம் உடலில் நஞ்சாகி மறு ஆண்டே இறந்தார். நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி சிறிது. அதனாலேயே இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் ஒழுங்காகச் சோதிக்கின்றனர். எமது வெயிலிலே தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், வாந்தி பேதி கண்டாலும், சில நோவு மாத்திரைகளை வைத்தியரைக் கேளாது விழுங்கினாலும் அளவு ஏறிவிடும். கை நடுங்கி, நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வேறு மருந்துகளும் உள. அவற்றுள் வல்புரோவேற் என்பது கருவிலுள்ள பிள்ளைக்குக் கேடு செய்வதாதலின், மணவயதுப் பெண்களுக்கு எழுதப்பட்டால் வைத்தியரோடு விளக்கமாகப் பேசவேண்டும். சுகமாகிவிட்டதென்று எந்த மருந்தையும் தாமாக நிறுத்துதல் ஆகாது. எமது மாணவர் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார். அதைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

இவ்வளவும் அறிந்தும் எங்கள் மக்கள் ஏன் மறைக்கின்றனர்? தங்கைக்குக் கலியாணம் பேசவேண்டும் என்பதற்காக. இதை மேடையிலே சொல்ல எமக்கு மனமில்லை. ஆயினும் இது உண்மை. எமது மாணவரின் வீட்டிலும் முதல் ஓராண்டு கழிந்தது அதற்காகவே. தங்கைக்கு மணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியே செய்தனர். இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாம் இடம் ஒப்புக்கொண்டது.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசாங்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலே உளநல வைத்தியப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. அவசரமாக ஒருவரோடு பேசவேண்டின் 1926 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைக்கலாம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தினர் விடையளிப்பர்.

மாணவர் இப்பொழுது ஒரு கணக்காளர் கந்தோரிலே வேலை செய்கின்றார். இரவு பத்து மணிக்குப் படுக்கையென்றால் பத்து மணிதான். கலியாண வீடென்றாலும் எழுந்து போய்விடுவார். இவ்வுரைக்கு முன்னர் அவரைக் கண்டு, சபைக்கு ஏதும் சொல்லவேண்டுமோ என்று கேட்டோம். "என்னைக் காணேக்கை, குளிசை குடிச்சியோ எண்டு மட்டும் கேக்காமல், கிரிக்கெட்டைப் பற்றியும் கேக்கச் சொல்லுங்கோ, சேர்," என்றார்.

அவர்தம் தாயார் எழுதிவந்த கொப்பியைப் பார்த்து, நித்திரை, மனநிலை, மருந்து மூன்றையும் நாள்தோறும் குறிக்கத்தக்க தாள் ஒன்றை ஆயத்தஞ் செய்துள்ளோம். ஐம்பது பிரதிகள் வாசிகசாலை மேசையிலே உள்ளன. வேண்டியோர் எடுத்துச் செல்லலாம். பெயர் எழுதத் தேவையில்லை.